வெட்டக் கூடாத இரைச்சல்

உடன்குடிக்கு வருகிறவர்கள் கருப்பட்டி வாங்கிப் போவார்கள். நான் இங்கே பழைய இரும்புக் கடைகளில் நாடகக் கேசட் தேடுகிறவன். சவுண்ட் சர்வீஸ் ஒன்றை மூடியபோது வந்த அரைச் சாக்கு கேசட்டைப் போன மாதம் எடைக்கு வாங்கினேன். "இத வச்சி என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

பாதிக்கு மேல் சினிமா வசனம். 'விதி', 'திருவிளையாடல்', 'ரத்தக்கண்ணீர்'. பேர் எழுதாத ஒரு கேசட்டில் மட்டும் ஏதோ கோயில் கொடையில் நடந்த 'வள்ளி திருமணம்'. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போது யாரோ மைக்கை வாங்கி, "கிழக்குத் தெரு ஆளுக எல்லாம் எந்திரிச்சுப் பின்னால போங்க" என்கிறார். இரண்டு முறை. பிறகு வள்ளி விட்ட இடத்திலிருந்து பேசுகிறாள். கிழக்குத் தெரு என்றால் யார் என்று எங்கள் பக்கத்துக் காதுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேசட்டைக் கணினியில் ஏற்றித் தந்த சேகரிப்பாள நண்பர், "அந்த இரைச்சலை வெட்டிரலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாடகம் வேறு, அந்த அறிவிப்பு வேறு என்று நினைக்கிறார். அவ்வளவுதான்.

இந்த வெட்டு புதிதல்ல. 78 சுழற்சி அரக்குத் தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். விடிய விடிய நடந்த நாடகத்தைப் பல தட்டுகளில் பிரித்து 'நாடக செட்' என்று விற்றபோதும் பாட்டுதான் மிஞ்சியது. 27 வயதில், 1933இல் இறந்துபோன கிட்டப்பாவின் குரலை நமக்கு வைத்திருப்பவை அந்தத் தட்டுகளே. ரயிலில் பாடிப் பிழைத்த கே.பி.சுந்தராம்பாளின் குரலைத் தட்டில் கேட்டால் எனக்கும் சிலிர்க்கும். ஆனால் நம் மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் பாட்டால் மட்டுமா உயிரோடு இருக்கின்றன? பாட்டுக்கு நடுவே நடிகர்கள் அந்தந்த ஊருக்கு ஏற்பக் கட்டும் தர்க்கமும் பபூன் பேச்சும் அல்லவா கூட்டத்தைப் பிடித்து வைக்கின்றன? பபூன் பேச்சு முழுக்க முற்போக்கு என்று சொல்ல மாட்டேன். சாதி வசையும் பெண்களைக் கேவலப்படுத்தும் இரட்டை அர்த்தமும் அதில் நிறைய. அதுவும் பதிவில் இருக்கட்டும்.

நந்தன் கதையைப் பாருங்கள். சேக்கிழாரிடம் இல்லாத பண்ணை வேதியரைச் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. நாற்பது வேலி வேலையை முடித்துவிட்டுப் போ என்று மிரட்டும் அந்த வேதியரிடம் நந்தன் கெஞ்சும் பாட்டுகள் மேடையிலிருந்து தட்டுக்குப் போய் இன்றும் இனிக்கின்றன. நந்தனை மன்னன் என்று எழுதினார் அயோத்திதாசர். அந்த நந்தனுக்கு ஒரு தட்டைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள், என்ன விலையானாலும் வாங்குகிறேன்.

எம்.ஆர்.ராதா விஷயமும் இப்படித்தான். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகம் 1954இல் படமானது. நம்மிடம் உள்ள கேசட் அந்தப் படத்தின் வசனம். மேடையில் ராதா அன்றன்றைய செய்தியை இழுத்துவைத்துப் பேசுவார். அதே 1954இல்தான் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அவருடைய இராமாயண நாடகம் கிளப்பிய கோபம் அதன் பின்னால் இருந்தது. எழுதிக் கொடுத்த பிரதியைத் தாண்டி இந்த மனிதர் என்ன பேசுவாரோ என்பதுதான் ஆட்சியாளருக்குத் தலைவலி. அந்தப் பேச்சின் மேடைப் பதிவு ஒன்று என் கைக்கு வர இன்னும் காத்திருக்கிறேன்.

இப்போது அரக்குத் தட்டுக்கு விலை இருக்கிறது, கேசட்டுக்கு இல்லை. கொடை நாடகங்களை முழு நீளத்துக்குப் பிடித்து வைத்திருப்பவை இந்தக் கேசட்டுகள்தான். கடற்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. வீட்டுப் பரணில் கிடந்தால் எடுங்கள் தோழர்களே. கணினியில் ஏற்றும்போது இருமலையும் சண்டையையும் அறிவிப்பையும் தொடாதீர்கள். அழகாக்கிய பிரதி ஒன்று வேண்டுமென்றால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் கேசட்டில் ஊர்ப் பெயர் இல்லை. வள்ளி ஓரிடத்தில் ஒரு குளத்தின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறாள், கூட்டம் சிரிக்கிறது. அந்தக் குளத்தைக் கண்டுபிடித்து, கிழக்குத் தெருப் பெரியவர்களிடம் இதைப் போட்டுக் காட்ட வேண்டும். பிளேயரின் பெல்ட் தளர்ந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன்.