பிள்ளையின் வாக்கும் நம் ‘இன்ஷா அல்லாஹ்’வும்



மேற்கு மாம்பலத்திலும் தியாகராய நகரிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளை விளையாட்டு அணிகளில் சேர்க்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் சேர்த்த பிள்ளையை நினைத்தபோது நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் உடன் வளர்கிறது. அதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஞாயிறு காலை போட்டி என்று பயிற்சியாளர் முன்கூட்டியே தெரிவிக்கிறார். “இன்ஷா அல்லாஹ், பையன் வந்துவிடுவான்” என்று பெற்றோர் பதில் தருகிறார்கள். சனிக்கிழமை வலீமா விருந்து முடிந்து வீடு திரும்ப நள்ளிரவாகிறது. காலையில் பிள்ளை உறங்குகிறான். கைப்பேசி ஒலிக்கிறது, எடுப்பாரில்லை. மைதானத்தில் பத்துப் பிள்ளைகள் பதினோராவது பிள்ளைக்காகச் சாலையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். “விளையாட்டுதானே, இதில் என்ன வந்துவிட்டது?” என்பது நம்மில் பலர் சொல்லும் சமாதானம்.

வாக்கு முறிந்திருக்கிறது என்பதே நம் பதில். 8 வயதுப் பிள்ளை தானாக எந்த அணியிலும் சேர்வதில்லை. படிவத்தில் கையொப்பமிட்டதும், கட்டணம் செலுத்தியதும், வருவான் என்று உறுதி தந்ததும் பெற்றோரே. ஆகவே முறிந்தது பெற்றோரின் வாக்கு. ஆனால் அதனால் வரும் பழக்கமோ பிள்ளையினுடையதாகிறது. தன் பெயரால் தரப்பட்ட வாக்கைத் தன் தாய் தந்தையரே பொருட்படுத்தவில்லை என்பதை அவன் கண்ணாரக் காண்கிறான். அதன்பின் வாக்குத் தவறாமை பற்றி மக்தபில் எத்தனை பாடம் ஓதினாலும், வீட்டில் கற்ற பாடமே முந்தி நிற்கும்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வை நாம் அறிவோம். ஒரு தாய் தம் சிறு மகனை, ஏதோ தருவதாகக் கூறி அழைத்தார். அங்கே அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன தர எண்ணினீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாகவே எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். ஒரு பழத்தளவு வாக்குக்கே கணக்கு உண்டென்றால், பத்துப் பிள்ளைகள் நம்பி நிற்கும் வாக்குக்குக் கணக்கு இல்லாது போகுமா? உடன்படிக்கை குறித்து விசாரணை உண்டென்பதை இஸ்ரா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. பெரியவர்களின் வணிக ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று யாரும் விதிவிலக்கு வழங்கவில்லை.

இதனினும் வேதனை தருவது, ‘இன்ஷா அல்லாஹ்’ என்னும் தூய சொல் படும் பாடு. நாளை இதைச் செய்வேன் என்று உறுதி கூறும்போது இறைநாட்டத்தை இணைத்தே கூற வேண்டும் என்று கஹ்ஃப் அத்தியாயம் கற்பிக்கிறது. நாம் முழு முயற்சி எடுப்போம், முடிவு அவன் கையில் என்பதே அச்சொல்லின் பொருள். நம்மில் பலர் அதை, வருவதாகவும் கொள்ளலாம், வராததாகவும் கொள்ளலாம் என்னும் தப்பிக்கும் வாசலாக்கிவிட்டனர். முஸ்லிமல்லாத பயிற்சியாளர் ஒருவர் அச்சொல்லைக் கேட்டதும், இன்று வரமாட்டார்கள் என்று முடிவு கட்டுவாரானால், அந்த இழிவுக்குப் பொறுப்பு யார்? அதைவிடவும், இறைவனின் பெயரோடு சொன்ன சொல் நிறைவேறாது என்று நம் பிள்ளையே பழகிக்கொள்வானானால், அவனுடைய ஈமானில் என்ன மிஞ்சும்?

“விளையாட்டு வீண் செயல், அதற்கா இவ்வளவு?” என்று சிலர் கேட்கக்கூடும். அஸ்லம் குலத்தார் அம்பெய்தல் போட்டியில் ஈடுபட்டிருந்த வழியே நபி (ஸல்) அவர்கள் சென்ற நிகழ்வு புகாரியில் உள்ளது. அவர்களை ஊக்கப்படுத்திய நபியவர்கள், தாம் ஒரு தரப்பினருடன் இருப்பதாகக் கூறினார்கள். மறு தரப்பினர் எய்வதை நிறுத்திவிட்டனர். காரணம் கேட்டறிந்ததும், தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி, தொடர்ந்து எய்யச் சொன்னார்கள். ஒரு தரப்பு கையை மடக்கிக்கொண்டால் ஆட்டமே நின்றுவிடும் என்பதை இந்நிகழ்வில் காண்கிறோம். கால்பந்து விதியும் இதையே சொல்கிறது: ஓர் அணியில் 7 பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. வராத பிள்ளை தன் ஆட்டத்தை மட்டுமா இழக்கிறான்? வந்த பிள்ளைகளின் ஆட்டத்தையும் பறித்துக்கொள்கிறான்.

நம் மேற்கு மாம்பலத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ராமகிருஷ்ணபுரம் தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின், 106 டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட்டுகள் வீழ்த்தி 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையை வியப்பது நம் நோக்கமன்று. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் இறுதி நாளை நினைவுகூருங்கள். கடும் முதுகுவலியோடு அஸ்வினும், தொடைத்தசை காயமுற்ற ஹனுமா விஹாரியும் 40 ஓவர்களுக்கும் மேலாக நின்று ஆடித் தோல்வியைத் தவிர்த்தனர். அன்று அஸ்வின் எடுத்தது 39 ஓட்டங்கள்; சந்தித்தது 128 பந்துகள். வெற்றி கிட்டாத ஆட்டம்தான். ஆயினும் அணியைக் கைவிடாத ஆட்டம்.

அப்படியானால் எந்நிலையிலும் விலகவே கூடாதா? அதற்கும் அவரிடமே விடை உண்டு. 2024 பிப்ரவரி 16 அன்று ராஜ்கோட்டில் தம் 500ஆவது விக்கெட்டை வீழ்த்திய அன்றிரவே, குடும்பத்தில் நேர்ந்த மருத்துவ அவசரத்தால் ஆட்டத்தின் நடுவே சென்னை திரும்பினார். மறைந்து போகவில்லை, அணிக்குத் தெரிவித்தே சென்றார். நான்காம் நாளில் திரும்பி வந்து அணியோடு சேர்ந்துகொண்டார். தாய்க்காக அணியை விட்டு வருவது கடமை தவறுதலன்று. சொல்லிவிட்டுப் போவதும், முடிந்ததும் திரும்புவதும்தான் கடமை. வலீமா பிரியாணிக்காகச் சொல்லாமல் நின்றுவிடுவதை இதனோடு ஒப்பிட முடியுமா?

“என் மகனை ஆடவிடாமல் வெளியே உட்கார வைக்கிறார்கள்” என்பது மற்றொரு முறையீடு. அஸ்வினே சிறு வயதில் துவக்க மட்டையாளராக ஆடியவர். சுழற்பந்து வீச்சாளரானது பிறகுதான். விரும்பிய இடம் கிட்டாத நாள்களில்தான் பொறுமை என்னும் ஸப்ரைப் பிள்ளை கற்கிறான். அந்த நாள்களிலேயே அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டால், ஸப்ரை எந்த நூலிலிருந்து கற்பிக்கப் போகிறோம்?

வசதியுள்ள வீட்டாருக்கே இதெல்லாம் என்று ஒதுங்குவோருக்கும், மகளென்றால் முதலில் நிறுத்துவோருக்கும் வடசென்னை விடை சொல்கிறது. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். கேரம் பலகையின் முன் நாள் தவறாமல் அமராத எந்தக் கைக்கும் அத்தகைய வெற்றி வாய்ப்பதில்லை.

தொழுகையைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு சொல். தொழுகையே முதன்மை; அதில் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. ஆனால் சென்னையில் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் மாலை 5.35 மணிக்கும் 6.45 மணிக்கும் இடையில்தான் வருகிறது என்பது சேர்க்கும்போதே நமக்குத் தெரியும். ரமளானும் ஜும்ஆவும் திடீரென வருவனவல்ல. சேர்க்கும் நாளிலேயே பயிற்சியாளரிடம், “இந்நேரத்தில் பத்து நிமிடம் தொழுகைக்கு வேண்டும், நோன்பு நாள்களில் பயிற்சியைக் குறைக்க வேண்டும்” என்று பேசி முடித்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா, அணியின் புரவலரான மது நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் அணியாமலேயே ஆடி, அந்த அணிக்குத் தலைவராகவும் உயர்ந்தார். மார்க்கத்தை வெளிப்படையாகச் சொல்வோருக்கு மதிப்புக் குறைவதில்லை. வராமைக்குப் பிந்தைய சாக்காக மார்க்கத்தைப் பயன்படுத்தும்போதுதான் குறைகிறது.

எனவே பெற்றோரிடம் நாம் கோருவது மூன்று. சேர்ப்பதற்கு முன் வீட்டில் கலந்து பேசி, பிள்ளையின் சம்மதத்தையும் கேளுங்கள்; இயலாதென்றால் சேர்க்காதீர்கள், அதில் குற்றமில்லை. சேர்த்துவிட்டால், அந்தத் தொடர் முடியும்வரை நிறுத்தாதீர்கள். காயமோ, நோயோ, பிள்ளைக்குத் தீங்கிழைக்கும் சூழலோ மட்டும் விதிவிலக்கு. வர இயலாத நாளில் பிள்ளையே பயிற்சியாளரிடம் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அந்த ஒரு நிமிடச் சங்கடம், நூறு அறிவுரைகளைவிட அவனுக்கு அதிகம் கற்பிக்கும்.

இன்று பத்துப் பிள்ளைகளின் நம்பிக்கையைக் காத்தவனிடம்தான் நாளை ஒரு குடும்பத்தின், ஒரு கடையின், ஒரு ஜமாஅத்தின் அமானிதத்தை நம்பி ஒப்படைக்க முடியும். வாக்குத் தவறாத தலைமுறையாக நம் பிள்ளைகளை வளர்க்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.