ஓஸ்லோ பாறைகளும் நம் மனப்பாடமும்

சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும், களிப்பாறை பலகைக்கல்லாகும், மணற்கல் குவார்ட்சைட்டாகும். உருமாறிய பாறைகள் என்றதும் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பது இந்தப் பட்டியலைத்தான். தேர்வுக்கு இது போதும். பாறையைப் புரிந்துகொள்ளப் போதவே போதாது.

நார்வேயின் ஓஸ்லோ வட்டாரத்தில் பழைய கடலடியில் படிந்த களிப்பாறைகளும் சுண்ணாம்புக்கற்களும் இருக்கின்றன. பெர்மியன் காலத்தில் பாறைக்குழம்பு அவற்றுக்குள் புகுந்து, நிலத்துக்கு மேலே வராமல் அடியிலேயே மெல்லக் குளிர்ந்தது. அந்தச் சூட்டில் சுற்றியிருந்த பாறைகள் உருகாமலேயே மாறின. பழைய கனிமங்கள் கரைந்துபோய்ப் புதியவை படிகமாயின. இப்படி இறுகிய நுண்மணிப் பாறைதான் ஹார்ன்ஃபெல்ஸ். வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1911இல் புவியியலாளர் விக்டர் கோல்ட்ஷ்மிட் இவற்றைப் பத்து வகுப்புகளாகப் பிரித்தார். அப்போது அவருக்கு வயது 23. நிறத்தையும் கடினத்தையும் ஒதுக்கிவிட்டு, எந்தக் கனிமம் எதனோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார். களி மிகுந்த முதல் வகுப்பில் ஆண்டலூசைட்டும் கார்டியரைட்டும் இருந்தன. சுண்ணாம்பு மிகுந்த கடைசி வகுப்பில் வோலாஸ்டனைட் இருந்தது. பாறையின் வேதிச் சேர்க்கை தெரிந்தால் கனிமக் கூட்டத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றாயிற்று.

ஆனால் பின்லாந்தின் ஒரிஜார்வியில் வேலை செய்த புவியியலாளர் பென்ட்டி எஸ்கோலாவுக்கு இதில் ஒரு கேள்வி பிறந்தது. ஓஸ்லோவில் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் ஆண்டலூசைட்டும் சேர்ந்திருக்க, அதே சேர்க்கை கொண்ட ஒரிஜார்விப் பாறையில் மஸ்கோவைட்டும் குவார்ட்சும் இருந்தன. மஸ்கோவைட்டையும் குவார்ட்சையும் போதிய அளவு சூடேற்றினால், நீரை வெளியேற்றிவிட்டு ஓஸ்லோவில் கண்ட கனிம இணையாக மாறும். ஆக, ஓஸ்லோ பாறைகள் கண்ட வெப்பம் அதிகம். 1915இல் எஸ்கோலா முன்வைத்த இந்த வாதத்தின்மேல்தான் உருமாற்றப் பாறைகளை வெப்ப, அழுத்த நிலைப்படி வகுக்கும் இன்றைய முறை நிற்கிறது.

பள்ளிக்கு இது கனமான பாடம் என்பார்கள். பனிக்கட்டியும் நீரும் ஆவியும் ஒரே பொருள் என்று படிக்கும் பிள்ளைக்கு, ஆண்டலூசைட், கயனைட், சில்லிமனைட் மூன்றுக்கும் வேதி வாய்ப்பாடு ஒன்றே என்பதும், வெப்பமும் அழுத்தமுமே அவற்றைப் பிரிக்கின்றன என்பதும் எட்டாத செய்தியா என்ன? பாடநூல் எழுதுவோர் அந்தப் பட்டியலுக்குக் கீழே ஓஸ்லோவையும் ஒரிஜார்வியையும் ஒரு பக்கத்தில் சேர்க்கட்டும். தேர்விலும் கனிமங்களைக் கொடுத்து, எந்தப் பாறை அதிகச் சூட்டைக் கண்டது என்று கேட்கட்டும்.