கண் மதிப்பும் சீட்டுக் குலுக்கலும்

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் மதகடி வயலும் கடைமடை வயலும் ஒரே விளைச்சல் தருவதில்லை என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். ஆயினும் 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான விளைச்சல் குறைவுக்கு இழப்பீடு தருவது தனி வயலைப் பார்த்தன்று. வட்டாரத்தின் சராசரியைப் பார்த்தே. ஊராட்சி ஒன்றைக் காப்பீட்டு அலகாகக் கொண்டால், முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனைகள் நடத்த வேண்டும் என்பது விதி. நான்கும் மதகடியிலேயே அமைந்துவிட்டால் கடைமடைக்காரரின் கதி என்ன?

அணாக் கணக்கில் விளைச்சலைக் கண்ணால் மதித்த காலம் ஒன்றிருந்தது. அதில் விருப்பு வெறுப்பு புகுந்தது. 1940களில் மகலனோபிஸ், சுகாத்மே போன்ற அறிஞர்கள் சீட்டுக் குலுக்கல் முறையை நிலைநாட்டினர். அது நடுநிலையானது, எனினும் அறுப்பு சிலவேயாயின் சராசரி தடுமாறும்.

இவ்விரண்டையும் இணைக்கும் வழியை ஆஸ்திரேலியாவின் மெக்கின்டயர் என்பார் 1952இல் மேய்ச்சல் நில விளைச்சலை அளப்பதற்காக வகுத்தார். சீட்டெடுத்து மூன்று வயல்களைத் தேர்க. அனுபவசாலி ஒருவர் பயிரைக் கண்ணால் பார்த்து அவற்றை வரிசைப்படுத்துக. கடைசி வயலை மட்டும் அறுக்க. வேறு மூன்றில் நடுவயலையும், பின்னும் மூன்றில் முதல் வயலையும் அறுக்க. ஒன்பதைப் பார்த்து மூன்றையே அறுக்கிறோம். அம்மூன்றின் சராசரியே மதிப்பீடு.

விளைச்சல் எவ்வாறு பரவியுள்ளது என்ற ஊகம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. வரிசையில் கண் பிழைத்தாலும் சராசரி ஒரு பக்கம் சாயாது. நுட்பம் மட்டுமே குறையும். கண் பிழையாதாயின், மூன்று அறுப்பு ஏறக்குறைய ஆறு சீட்டு அறுப்புக்கு ஈடாகும். ஆனால் ஒரு நிபந்தனை: எந்தக் குழுவில் எந்த வயலை அறுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். பார்த்தபின் மாற்றினால் பழைய பாரபட்சம் மீண்டும் நுழையும்.

நெசவாள அங்கத்தினருக்கும் இது பயன்படும். நூல் சிட்டங்களைக் கையால் தடவி வரிசைப்படுத்திச் சிலவற்றை மட்டும் வலிமைச் சோதனைக்கு அனுப்பலாம். சோதனையில் நூல் அறுபடுவதால் மிச்சமாவது பணம் மட்டுமன்று.

ஆதலின் வரும் சம்பாப் பருவத்தில் நம் சங்கங்கள், அரசுப் பரிசோதனைக்குப் போட்டியாக அன்றி அதற்குத் துணையாக, இம்முறையில் அறுத்துக் கணக்கு வைத்திருத்தல் நன்று. அக்கணக்கால் இழப்பீடு உடனே மாறிவிடாது. ஆனால் சராசரி தவறென்று முறையிடச் செல்பவர் கையில் கண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. கணக்கும் இருக்க வேண்டும்.