பழைய மிதிவண்டிக்குப் புதிய வர்ணம்



துருவேறிய பழைய மவுண்டன் பைக்கைக் குறைந்த செலவில் புதுப்பிக்க விரும்புகிறவர்களில் அநேகர் முதலில் வாங்குவது வர்ண டப்பாவையே. அதுவோ கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

முதலாவது, ஃபிரேமைத் துடைத்து, குழாய்கள் இணையும் வெல்டிங் இடங்களை நல்ல வெளிச்சத்தில் ஆராயுங்கள். மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டால், வர்ணம் அதை மறைக்குமேயன்றிக் குணமாக்காது. அவ்வண்டிக்குப் பணம் செலவிட வேண்டாம்.

இரண்டாவது, பிரேக் கட்டை, பிரேக் ஒயர், டயர் ஆகியவற்றிற்குப் பணத்தை ஒதுக்குங்கள். ‘26 அங்குலம்’ என்ற சொல்லை மாத்திரம் நம்பி டயர் வாங்காதிருங்கள். 26 x 1.95 டயர் 559 மி.மீ. ரிம்முக்குரியது, 26 x 1 3/8 டயரோ 590 மி.மீ. ரிம்முக்குரியது. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பழைய டயரின் பக்கவாட்டிலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, தேய்க்கும் வேலை. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களுக்கே 90 பி.பி.எம். என்ற ஈய வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூள், சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஒரே அறையில் குடும்பமாய் வாழ்கிறவர்கள் இதில் மிகுந்த ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். வீட்டிற்கு வெளியே, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கைகளைக் கழுவி, உடை மாற்றிய பின்பே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

பின்பு பிரைமர், அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக எனாமல். ஒன்று நன்கு உலர்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள்.

பணம் போதாமற்போனால், வர்ணத்தை அடுத்த மாதத்திற்கு ஒத்திவையுங்கள். பிரேக்கை ஒருபோதும் ஒத்திவைக்காதிருங்கள். அவ்வண்டியில் ஏறிச் செல்லப்போவது உங்கள் பிள்ளை அல்லவா?