வில்லனின் நியாயம்

கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவரிடம் மாணவன் ஒருவன் அண்மையில் இப்படிக் கேட்டானாம்: "1983 ஜூலையில் வெள்ளவத்தையில் நம்மவர் வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள் பிறவியிலேயே கொடியவர்களா, சேர்?" சற்று முன்புதான் அவன் ஒரு சூப்பர் ஹீரோ படத்து வில்லனைப் பற்றித் தோழர்களுடன் வாதிட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது நம் எண்ணம். மனிதன் ஏன் தீமை செய்கிறான் என்பதற்கு இன்றைய இளைஞன் பெறும் முதல் விடை, பாடநூலைவிடப் பெரும்பாலும் காலி வீதிப் படமாளிகையின் வெண்திரையிலிருந்தே வருகிறது. அந்த விடையின் தரத்தை ஆராய்வது வீண் வேலையாகாது.

காரணமின்றிச் சிரித்து, காரணமின்றிக் கொல்லும் பழைய வில்லனை எவரும் நம்புவதில்லை என்பதைப் படமுதலாளிகள் இன்று அறிந்துகொண்டார்கள். ஆகவே அவனுக்கு ஒரு கடந்த காலத்தைத் தைத்துக் கொடுக்கிறார்கள். தாய் இறந்தாள்; தந்தை அடித்தார்; காதலி கைவிட்டாள். ஐந்து நிமிடக் கண்ணீர், பிறகு ஒரு நகரமே சாம்பல்! துன்பம் மட்டுமே மனிதனைக் கொலைகாரனாக்குமானால், முகத்துவாரத்துச் சேரிகளில் வாழும் உழைப்பாளி மக்கள் இந்நகரை எப்போதோ எரித்திருக்க வேண்டும். அத்துன்பத்தை விளைத்தது எது, அவன் நீதி கேட்டுத் தட்டிய வாசல்கள் எவை, அவற்றை அடைத்தவர் யார் என்பவற்றைக் காட்டும்போதே வில்லனின் நோக்கம் நம்பத்தக்கதாகிறது.

2021இல் வெளிவந்த 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படம் இதற்கு நல்ல சான்று. பாசில் ஜோசப் இயக்கிய அப்படத்தில், தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஏற்ற ஷிபு என்ற பாத்திரம் ஒரு தேநீர்க் கடைத் தொழிலாளி. ஊர் அவனைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. நாயகனைத் தாக்கிய அதே மின்னல் அவனையும் தாக்குகிறது. இருவருக்கும் அசாதாரண ஆற்றல் கிடைக்கிறது. அவன் வங்கியைக் கொள்ளையிடுவது உலகை ஆள்வதற்காகவன்று. தான் நேசித்த பெண்ணின் நோயுற்ற மகளுக்குச் சிகிச்சை செய்விப்பதற்காக. ஊரார் அவன் வீட்டுக்கு வைத்த தீயில் அப்பெண்ணும் குழந்தையும் மாண்ட பின்னரே அவன் ஊரை அழிக்கப் புறப்படுகிறான். அவன் செயலை நாம் மன்னிக்கவில்லை. ஆயினும் அவ்வில்லனை உருவாக்கியதில் ஊருக்கும் பங்குண்டு என்பதைப் படம் மறைக்கவில்லை. அதனாலேயே நம்புகிறோம்.

இதற்கு மாறான தந்திரம் ஒன்றுண்டு. நம் கண்டனத்திற்குரியது அதுவே. வில்லனின் வாயில் நியாயமான கோரிக்கையை வைப்பார்கள். பின்னர் அவன் கையில் அப்பாவிகளின் இரத்தத்தைப் பூசுவார்கள். கோரிக்கை அவனோடு சேர்ந்து புதைக்கப்படும். 2018இல் வந்த '2.0' படத்துப் பக்ஷிராஜன், பறவைகளின் அழிவைச் சொல்லி அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திடமும் முறையிட்டுத் தோற்று, அலைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொண்ட முதியவர். ஆனால் அவருடைய ஆவியோ விளையாட்டரங்கில் கூடிய ஆயிரக்கணக்கானோரைக் கொல்ல வருகிறது! எல்லாம் முடிந்த பின்னர், அவர் கூறியதிலும் உண்மையுண்டு என்று விஞ்ஞானி சில சொற்கள் சொல்லி அமைகிறார். அதே ஆண்டின் 'பிளாக் பாந்தர்' படத்தில், உலகெங்கும் கறுப்பின மக்கள் நசுங்கும்போது வளமிக்க வகாண்டா ஏன் ஒளிந்திருந்தது என்று கில்மொங்கர் கேட்கிறான். இதைவிட நேர்மையான கேள்வி எது? அவனையோ ஒரு மூதாட்டியின் கழுத்தை நெரிப்பவனாகக் காட்டிவிடுகிறார்கள். இறுதியில் மன்னன் தன் நாட்டின் கதவைத் திறக்கிறான் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் கேட்டவன் பிணமான பிறகே கதவு திறக்கிறது. உரிமை கேட்பவன் எவனும் ஈற்றில் வெறியனே என்ற பாடம் பார்ப்பவர் மனத்தில் படிந்துவிடாதா?

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். அதற்குரிய விடை வெள்ளவத்தை மண்ணிலேயே இருக்கிறது. 1922இல் இலங்கைத் தொழிற் சங்கத்தை நிறுவி, 1923இல் கொழும்புப் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர் ஏ. ஈ. குணசிங்க. தொழிலாளரைத் தலைநிமிரச் செய்தவர் என்பதில் ஐயமில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இங்கும் வேலைகளைப் பறித்தது. அப்போது அவர் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். முதலாளியை நோக்கியிருந்த சுட்டுவிரல் பக்கத்துத் தறிக்காரனை நோக்கித் திரும்பியது. 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, தொழிலாளருள் பெரும்பகுதியினர் மலையாளிகள். அவர்களோடு நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. எந்தக் கதாசிரியனின் கற்பனையிலும் இதைவிட நம்பத்தக்க திருப்பம் உண்டா? இங்கே தாயின் மரணமுமில்லை, மின்னலுமில்லை. பசியும், வேலையின்மையும், அவற்றின் காரணத்தை மறைத்துப் பகையை மட்டும் காட்டிய அரசியலுமே இருந்தன.

1983இல் தீ வைத்தவர்களும் பிறவிக் கொடியவர்கள் அல்லர். அண்டை வீட்டானைப் பகைவனாகக் காண அவர்கள் நெடுங்காலம் பழக்கப்பட்டார்கள். பழக்கியவர்கள் ஆசனங்களில் அமர்ந்திருந்தார்கள். இவ்வாறு கூறுவது எரித்தவனின் குற்றத்தைக் குறைக்காது. குற்றவாளிகளின் பட்டியலை நீட்டும். சுருக்கப்பட்ட பட்டியல் யாருக்கு வசதி என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! படம் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. பாருங்கள், வில்லன் வீழ்ந்து மண்டபம் ஆர்ப்பரிக்கும் வேளையில், அவன் கேட்ட கேள்விக்கு நாயகன் விடை சொன்னானா என்று மட்டும் கேளுங்கள். விடை சொல்லாமல் பெற்ற வெற்றி, கேள்வியை அடுத்த தலைமுறையின் வாசலில் விட்டுச் செல்கிறது. கொட்டாஞ்சேனை வகுப்பறையில் அது ஏற்கெனவே வந்து நிற்கிறது.