கிணற்றைப் பழிக்குமுன் குழாயைச் சோதித்தல்

கோயமுத்தூர் ஜில்லாவில், 1932-ஆம் வருஷத்தில் பைக்காரா மின்சாரம் தொடங்கிய பின்னர், கவலை இறைத்த கிணறுகளில் படிப்படியாகப் பம்புகள் அமைந்தன. கவலையில் தண்ணீர் குறைந்தால் சால் பாதி நிறைந்து மேலே வரும். காரணம் கண்ணுக்குத் தெரியும். பம்பிலோ அவ்விதமன்று. ஒருநாள் நன்றாய் இறைக்கிறது. மறுநாள் அரைமணியில் நின்றுபோகிறது. மாலையில் மீண்டும் இறைக்கிறது. உடனே ஊற்று வற்றிவிட்டதென முடிவுகட்டி, கடன் வாங்கிப் பாறைக்கு வெடி வைப்பவர் பலர். இவ்வழக்கம் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துவதாகும். முதலில் வேண்டுவது வெடிமருந்தன்று, அளவுகயிறே.

அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பை ஓட்டுமுன்னும், தண்ணீர் நின்றவுடனும், மறுநாட் காலையிலும் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் நின்றபோது, அடிவால்வு நீரில் நன்கு மூழ்கியே இருக்குமாயின், குற்றம் கிணற்றினதன்று. பம்பை நிறுத்தி, அதன் வாய்வழியே தண்ணீர் ஊற்றி நிரப்பி, ஒரு மணி கழித்துப் பார்க்க. நிரப்பிய நீர் இறங்கியிருந்தால், அடிவால்வில் சருகோ மணலோ சிக்கியிருத்தல் வேண்டும்; அன்றித் தோல் தேய்ந்திருக்கலாம். நீர் இறங்காமலிருந்தும், ஓடும்போது தண்ணீர் காற்றுடன் விட்டுவிட்டு விழுமாயின், உறிஞ்சு குழாயின் இணைப்புகளருகே ஊதுவத்தியைக் காட்டுக. புகை உள்ளிழுக்கப்படுமிடத்தில் வாஷரை மாற்றினாற் போதும்.

கோடையில் மட்டம் தாழ்ந்தபோது மட்டும் தண்ணீர் நிற்குமாயின், உறிஞ்சும் உயரத்தைக் கவனித்தல் வேண்டும். காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலும் தண்ணீரைச் சுமார் 34 அடிக்குமேல் ஏற்றாது. அநுபவத்தில் 20 முதல் 25 அடியே எல்லை. பெரிய மோட்டாரை மாற்றினும் இவ்வெல்லை மாறாது. பம்பைக் கிணற்றினுள் தாழ்ந்த மேடையில் இறக்குவதே தக்க பரிகாரம்.

நீர்மட்டம் அடிவால்வு வரையில் இறங்கி, மறுநாட் காலையில் பழைய அளவுக்கு ஏறியிருந்தால், ஊற்று வற்றவில்லை. பம்பு ஊற்றினும் வேகமாய் இறைக்கிறது. காலையும் மாலையும் பிரித்து இறைத்தல் நலம். காலை மட்டமும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனால்தான் ஆழப்படுத்துதலைப்பற்றி யோசிக்க இடமுண்டு.

அளந்துகொண்டிருந்தால் பயிர் வாடிவிடும் என்பாருமுளர். சோதனைக்கு ஒரு பகலும் ஓரிரவும் போதும். வெட்டு வேலைக்கோ வாரக்கணக்காகும். பழுது வால்விலிருக்க, பாறையை எவ்வளவு பிளந்தும் பயனென்ன? ஆழ்ந்த கிணற்றிலும் அதே வால்வு ஒழுகும். கடன் ஒன்றே மிச்சமாகும். ஆகையால், பம்பு வைத்த குடியானவர் ஒவ்வொருவரும் கிணற்றடியில் ஓர் அளவுகயிறும், வீட்டில் ஒரு குறிப்புப் புத்தகமும் வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.