மெல்லிய நூலில் பெருமீன்: கடல் யாருக்கு என்ற கேள்வி

1898-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் சாண்டா கேட்டலினா தீவை ஒட்டிய கடலில் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் 83 கிலோ எடையுள்ள சூரை மீனைத் தூண்டில் கோலால் பிடித்தார். அதைவிடப் பெரிய மீன்களை மீனவர்கள் காலங்காலமாகப் பிடித்து வந்தவர்களே. மெல்லிய நூலை மட்டும் நம்பி ஒருவர் தனித்துப் போராடியதுதான் புதுமை. அதே ஆண்டில் அவர் தொடங்கிய அவலான் சூரை மன்றம், அந்தப் போராட்டத்துக்கு விதிகளை வகுத்தது.

பெருமீன் தூண்டில் விளையாட்டு பிறந்தது இவ்வாறுதான். மீன் ஓடும்போது எதிர்த்திசையில் சுழன்று விரல்களைப் பதம் பார்த்த பழைய ரீல்களுக்குப் பதில், இழுவிசையைக் கட்டுப்படுத்தும் ரீல்கள் வந்தபின் இது வேகம் பெற்றது. 1926-இல் எழுத்தாளர் ஜேன் கிரே இதை நியூசிலாந்தில் பிரபலமாக்கினார். 1930-களில் ஹெமிங்வே கியூபா, பிமினி கடல்களில் மார்லின் தேடினார். 1939-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பு உலகச் சாதனைகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1953-இல் பெருவின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த 707 கிலோ கருப்பு மார்லினின் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

விதிகள் எவ்வளவு கறாரானவை என்பதற்கு 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த போட்டியே சான்று. சுமார் 281 கிலோ எடையுள்ள மார்லினைச் சுறா கடித்திருந்ததால் அது தகுதி நீக்கம் செய்யப்பட்டது. படகுக் குழுவினர் 35 லட்சம் டாலர் பரிசை இழந்தனர்.

பிடித்த மீனை உயிருடன் விடுவிப்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மீனின் குடலில் சிக்காமல் வாயோரத்தில் மாட்டும் வட்டத் தூண்டில் முட்கள் இதற்கு உதவுகின்றன. எனினும் விடுவிக்கப்படும் ஒவ்வொரு மீனும் பிழைத்துவிடுவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மெக்சிகோ, கரையிலிருந்து 50 கடல் மைல் வரை மார்லின், மயில் மீன் போன்றவற்றை விளையாட்டுத் தூண்டிலுக்கு மட்டுமே ஒதுக்கியுள்ளது. சுற்றுலா வருவாய்க்கு இது சாதகம். அந்த மீன்களை விற்றுப் பிழைக்க நினைக்கும் மீனவருக்கோ அதே கடலில் தடை.

இந்தியாவில் மயில் மீன் சந்தையில் விற்கப்படும் உணவு மீன். அதேவேளை அந்தமானுக்கு ராட்சதப் பாறை மீனைத் தேடி வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் வருகின்றனர். இத்தகைய சுற்றுலாவை விரிவாக்க முனைவோர், ஒரே மீனுக்கு இரண்டு உரிமையாளர்கள் வரும்போது யாருக்கு எவ்வளவு என்பதை மீனவர்களுடன் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும். அவர்களது படகும் கடலறிவும் வழிகாட்டும் தொழிலில் இடம்பெறுமா, வருவாய் விடுதிகளோடு நின்றுவிடுமா என்பதும் அந்தப் பேச்சில் அடங்கும்.